ஆங்கில ‘பர்ஸ்ட்’டை டச்சில் எழுத லெய்டனின் இலவச அகராதிகள்: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

கண்ணீர், சிரிப்பு, பாட்டு, தீ, கைதட்டல் என்று எது திடீரெனக் கிளம்பினாலும் ஆங்கிலத்துக்கு ‘பர்ஸ்ட்’ என்ற ஒரே வினை போதும். டச்சுக்குப் போதாது. அங்கே அழுகை வெடிக்கும், சிரிப்புக்குள் ஆள் பாய்வார், தீப்பிடிக்கும் பொருள் தீக்குள் பறக்கும், வியர்வை உடைத்துக்கொண்டு வரும், மனசு கொட்டப்படும். சென்னையில் இருந்தபடி ஆங்கிலம்–டச்சு வேலை பார்ப்பவர்கள், அதாவது சப்டைட்டில் எழுதுபவர்கள், விளம்பர வாசகம் மாற்றுபவர்கள், எந்திரம் தந்ததைத் திருத்தும் போஸ்ட் எடிட்டிங் ஆட்கள், இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இலக்கணம் சரியாக இருக்கும். ஆனால் டச்சுக்காரர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

இந்தச் சிக்கலுக்குப் பணம் கேட்காத கருவிகள் இருக்கின்றன. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இருக்கும் டச்சு மொழி நிறுவனம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். முதலாவது பெரிய வரலாற்று அகராதி, சுருக்கமாக டபிள்யூ.என்.டி. இரண்டாவது இக்கால டச்சு அகராதி, ஏ.என்.டபிள்யூ. மூன்றாவது ‘வோர்ட்கொம்பினாட்ஸீஸ்’ என்ற சொற்சேர்க்கைத் தளம். கூடவே டச்சு மொழி ஒன்றியத்தின் அதிகாரபூர்வ எழுத்துக்கூட்டல் பட்டியல், கட்டண அகராதியான ஃபான் டாலெ, இலவச எந்திர மொழிபெயர்ப்பு ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

உச்சரிப்பு பற்றி ஒரு குறிப்பு. டச்சில் யு, ஐ என்ற இரு எழுத்துகளும் சேர்ந்து தரும் ஒலிக்குத் தமிழில் சரியான எழுத்து கிடையாது. இங்கே ‘அய்’ என்று எழுதுகிறோம். நம் முன்னோர் அதை உகரமாகக் கேட்டிருக்கிறார்கள். ‘டய்ட்’ என்ற ஒல்லாந்தர் காசுதான் நம்மிடம் ‘துட்டு’ ஆனது. ‘கக்ஹய்ஸ்’ என்பது ‘கக்கூசு’ ஆனது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனே இந்த இரண்டையும் டச்சுச் சொல் என்று குறித்திருக்கிறது. 1613-இல் பழவேற்காட்டில் ஹெல்ட்ரியா கோட்டை கட்டியவர்கள் விட்டுப்போன சொற்கள் இவை.

முதலில் எந்திரத்தைப் பார்த்துவிடுவோம், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். 2016 வாக்கில் பெரிய சேவைகள் நியூரல் முறைக்கு மாறிய பிறகு ஆங்கிலம்–டச்சு நன்றாகவே தேறியிருக்கிறது. ‘அழுகை வெடித்தது’ என்ற பொருளில் வரும் சாதாரண ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்தால் ‘இன் ட்ரானன் அய்ட்பார்ஸ்டன்’ என்பதைத் தந்துவிடும். அது சரிதான். தொல்லை எங்கே வருகிறது என்றால், வினை பெயராக மாறும் இடத்தில், வாக்கியம் துண்டாகும் இடத்தில், தமிழிலிருந்து நேராக டச்சுக்குப் போகும் இடத்தில்.

பெயர்ச்சொல்லுக்கு எடுத்துக்காட்டு ‘அவுட்போரிங்’, அதாவது உணர்ச்சி பெருகி வெளியே கொட்டுவது. சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘அய்ட்ஸ்டோர்ட்டிங்’ வரும். இந்தச் சொல் டச்சில் இருக்கிறது, ஆனால் அதற்குச் சொந்த வாழ்க்கை உண்டு. பெந்தெகொஸ்தே நாளில் பரிசுத்த ஆவி ஊற்றப்பட்டதைச் சொல்ல அதுதான் சொல். மருத்துவத்தில் ‘ப்லூட்அய்ட்ஸ்டோர்ட்டிங்’ என்றால் தோலுக்கடியில் ரத்தம் கட்டி நீலம் பாய்வது. விந்து வெளியேறுவதற்கான சொல்லும் இதே அடியில் பிறந்ததுதான். ‘மக்கள் துயரம் பொங்கியது’ என்ற இடத்தில் ‘துயரத்தின் அய்ட்ஸ்டோர்ட்டிங்’ என்று எழுதினால் டச்சு வாசகர் மனதில் தேவாலயமோ மருத்துவமனையோதான் வரும். 1969 பிப்ரவரியில் அண்ணாதுரை மறைந்தபோது சென்னையில் கூடிய கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால், டச்சில் ‘மஸ்ஸால் ரௌபெடோன்’ என்பதே பொருந்தும். பெருந்திரளான துயர வெளிப்பாடு என்று பொருள். உதவியும் ஆதரவும் குவிந்தால் ‘ஸ்டேன்பெடய்ஹிங்’ என்ற சொல்லின் பன்மையோடு ‘ஸ்ட்ரோம்’, அதாவது நீரோட்டம். இரக்கம் குவிந்தால் ‘ஹொல்ஃப்’, அதாவது அலை. நம் தேர்தல் பேச்சில் வரும் ‘அனுதாப அலை’ அப்படியே அங்கே உட்காருகிறது. ஒருவர் மனம் திறந்து ஒப்புக்கொள்வது என்றால் ‘ஒன்ட்பூஸெமிங்’. ‘பூஸெம்’ என்பது நெஞ்சு. நெஞ்சிலிருந்து வெளியே எடுப்பது. ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்கு இங்கே நான்கு டச்சுச் சொற்கள், ஒன்றின் இடத்தில் இன்னொன்று வராது.

துண்டாகும் வாக்கியம் சப்டைட்டில் வேலையின் தனித் தலைவலி. ‘அய்ட்பார்ஸ்டன்’ பிரியும் வினை. வாக்கியத்தில் ‘பார்ஸ்டெ’ இரண்டாமிடத்தில் நிற்கும், ‘அய்ட்’ கடைசிக்குப் போய்விடும். நடுவில் ஏழெட்டுச் சொற்கள் வரலாம். முன்பு மொழிபெயர்த்ததைச் சேமித்து வைக்கும் டிரான்ஸ்லேஷன் மெமரி உள்ள மென்பொருள் ஒரு வாக்கியத்தை இரண்டு துண்டாக வெட்டினால், இரண்டாவது துண்டில் ‘அய்ட்’ தனியாக நிற்கும், இல்லையேல் காணாமலே போகும். ‘அய்ட்’ இல்லாத ‘பார்ஸ்டன்’ என்றால் விரிசல் விடுவது, வெடித்துப் பிளப்பது. அவள் கண்ணீருக்குள் விரிசல் விட்டாள் என்று திரையில் போகும். எந்திரம் தந்ததைத் திருத்துபவர் இந்த வினை வரும் ஒவ்வொரு இடத்திலும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும். சார்பு வாக்கியமானால் ஒழுங்கு மாறும்: ‘போது’ என்ற பொருள்தரும் ‘தூன்’ என்று தொடங்கினால் ‘அய்ட்பார்ஸ்டெ’ என்று ஒட்டிக்கொண்டு கடைசியில் வரும்.

மூன்றாவது சிக்கல் தமிழர்களுக்கே உரியது. பல எந்திர அமைப்புகள் தமிழிலிருந்து டச்சுக்குப் போகும்போது ஆங்கிலத்தை இடைத்தங்கலாக வைக்கின்றன. ‘குமுறிக் குமுறி அழுதாள்’, ‘விசும்பினாள்’, ‘கதறினாள்’, ‘ஓவென்று அழுதாள்’ எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே வினையாகச் சுருங்கி, டச்சில் ‘ஹய்லன்’ என்ற வெறும் அழுகையாக வந்து சேரும். வேறுபாடு வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. டச்சில் சொல் இல்லாமல் இல்லை. விசும்பலுக்கு ‘ஸ்னிக்கன்’ இருக்கிறது, ‘இன் ஸ்னிக்கன் அய்ட்பார்ஸ்டன்’ என்றால் விசும்பல் வெடிப்பது. ஆங்கிலப் படியில் கால் வைத்ததால் போன சொல் அது.

இதையெல்லாம் சரிசெய்ய லெய்டன் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் இந்த மதிப்புரையின் சாரம் இருக்கிறது. பெரும்பாலோர் வினையைத் தேடுகிறார்கள். அது தவறான கதவு. ‘பார்ஸ்டன்’ என்று தட்டினால் விரிசல், பிளவு, ‘பசியில் வெடிக்கிறேன்’ போன்ற வழக்கு எல்லாம் வந்து குழப்பும். பெயர்ச்சொல்லைத் தேட வேண்டும். எது வெளியே வருகிறதோ அதை: கண்ணீர், சிரிப்பு, கோபம், வியர்வை, கைதட்டல். ஏ.என்.டபிள்யூ.வில் நன்றாக எழுதப்பட்ட ஒரு பதிவைத் திறந்தால், பொருளுக்குக் கீழே அந்தச் சொல் எந்த வினைகளோடும் பெயரடைகளோடும் சேர்ந்து நடக்கிறது என்ற சேர்க்கைப் பகுதி இருக்கும். அதற்கும் கீழே நிலைத்த தொடர்கள், எடுத்துக்காட்டு வாக்கியங்கள். சிரிப்பு, டச்சில் ‘லஹ்’, எந்த வினையோடு போகிறது என்று அந்தப் பகுதியில் பார்த்தால்தான் ‘இன் டெ லஹ் ஸ்ஹீட்டன்’ கண்ணில் படும். ‘ஸ்ஹீட்டன்’ என்றால் சுடுவது, பாய்வது. அடக்க முடியாமல் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது என்பதற்கு அன்றாடப் பேச்சில் இதுதான். ‘இன் லஹன் அய்ட்பார்ஸ்டன்’ அதைவிடப் பெரிய சத்தம். ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்துச் சோதித்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பின்மொழிபெயர்ப்புச் சோதனையை இந்த வகைச் சொற்களில் நம்பக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு முறையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆங்கில வாக்கியம் கைக்கு வந்ததும், டச்சுக்குப் போகும் முன் அதை ஒரு வரித் தமிழில் எழுதிப் பாருங்கள். தமிழும் டச்சைப் போலவே, வெளியே வரும் பொருளைப் பார்த்து வினையைத் தேர்ந்தெடுக்கும் மொழி. கோபம் பொங்கும், மழை ஊற்றும், ரத்தம் பீறிடும், மனசில் உள்ளது கொட்டப்படும். அந்தத் தமிழ் வினை பல நேரம் ஆங்கிலத்தைவிட டச்சுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

‘கொட்டு’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். மனசில் இருப்பதைக் கொட்டுகிறோம், மழை கொட்டுகிறது, குப்பை கொட்டுகிறோம். டச்சில் ‘ஸ்டோர்ட்டன்’ இதே மூன்றையும் செய்கிறது. ‘ஹார்ட் அய்ட்ஸ்டோர்ட்டன்’ என்றால் நெஞ்சைக் கொட்டுவது. ‘ஸ்டோர்ட்பய்’ கொட்டும் மழை. ‘ஸ்டோர்ட்ப்லாட்ஸ்’ என்றால் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருப்பது போன்ற குப்பைக் கொட்டுமிடம். கூடுதலாக அவர்கள் வங்கிக் கணக்கில் பணம் போடுவதற்கும் இதே வினையைச் சொல்வார்கள். வாடிக்கையாளர் கடிதம் மொழிபெயர்ப்பவர்கள் அதை மட்டும் தனியாக நினைவில் வைத்தால் போதும். மனசைக் கொட்டுவதற்கு இன்னொரு தொடர், ‘ஹார்ட் லுஹ்டன்’, நெஞ்சுக்குக் காற்றுக் கொடுப்பது. புழுக்கத்தில் இருந்தவர் பேசி ஆறுதல் அடைவது அது. கொட்டித் தீர்ப்பது அல்ல.

வியர்வை இன்னும் நெருக்கம். ‘அவனுக்கு வியர்த்துக் கொட்டியது’ என்று நாம் சொல்லும்போது அவன் எழுவாய் இல்லை, அவனுக்கு நேர்கிறது. டச்சிலும் ‘ஹெட் ஸ்வேட் ப்ராக் ஹெம் அய்ட்’. வியர்வை எழுவாய், ‘ஹெம்’ என்பது ‘அவனுக்கு’. ஆங்கில வாக்கியத்தில் ‘அவன்’ எழுவாயாக வருவதால் அதைப் பார்த்து எழுதுபவர்கள் ‘அவன் உடைந்தான்’ என்று கட்டிவிடுகிறார்கள். தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் அந்தப் பிழைக்கு இடமே இல்லை.

நீர்ப்பாசனம் தெரிந்த இரண்டு மொழிகள் இவை. ‘மடை திறந்த வெள்ளம்போல்’ என்பதற்கு டச்சில் மடையே இருக்கிறது. வானத்து மதகுகள் திறந்துகொண்டன என்று பெருமழையைச் சொல்ல ‘ஹேமெல்ஸ்லய்ஸன்’ என்ற சொல் உண்டு. ‘வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது’ என்பதற்கு அதைவிடப் பொருத்தமாக வேறொன்று கிடைக்காது. பேச்சு வெள்ளமாக வந்தால் ‘வோர்டன்ஃப்லூட்’, சொல்வெள்ளம். திட்டு மழையாகப் பொழிந்தால் நாம் வசைமாரி என்கிறோம். அவர்களிடம் பீரங்கி, ‘ஸ்ஹெல்ட்கனொனாடெ’. மழைப் படிமத்தை விட மனமில்லை என்றால் ‘ஸ்டோர்ட்ஃப்லூட்’டோடு வசைச்சொற்களைச் சேர்க்கலாம், அதுவும் நல்ல டச்சுதான். சிரிப்பில் மட்டும் இருவருக்கும் வெடிமருந்து பொது. நாம் வெடிச்சிரிப்பு என்போம், அவர்கள் ‘லஹ்ஸால்வோ’ என்பார்கள்.

துணைவினைக்கும் தமிழ் உதவுகிறது. டச்சு நிறைவுக் காலத்தில் ‘ஸெய்ன்’ (இரு) போடுவதா ‘ஹெப்பன்’ (கொண்டிரு) போடுவதா என்று தடுமாறுபவர்கள், தமிழ் வினை ‘ஐ’ உருபு கேட்கிறதா என்று பார்க்கலாம். அழுகை வெடித்தது, இடி மின்னல் கிளம்பியது: எதையும் கேட்கவில்லை, ஆகவே ‘ஸெய்ன்’. மனசைக் கொட்டினாள்: ‘ஐ’ வருகிறது, ஆகவே ‘ஹெப்பன்’. இந்த வகைச் சொற்களுக்கு இது பெரும்பாலும் சரியாக வரும். வழுக்கும் இடம் ‘ஹெட் அய்ட்ப்ரூஸ்டன்’ போன்ற தொடர்கள். வாயை மூடியும் அடக்க முடியாமல் ‘புர்’ரென்று சிரிப்பு வருவது அது. அதில் ‘ஹெட்’ என்ற பொருளற்ற செயப்படுபொருள் ஒட்டியிருக்கிறது, ஆகவே ‘ஹெப்பன்’ எடுக்கும். வலியில் அலறுவதற்கும் இதே அச்சு: ‘ஹெட் அய்ட்ஹில்லன்’. திருத்துபவர்கள் ‘இந்த ஹெட் எதைக் குறிக்கிறது’ என்று தேடி, எதையும் காணாமல் எடுத்துவிடுவதுண்டு. எடுத்தால் வாக்கியம் நொண்டும்.

இப்போது மூன்று கருவிகளையும் தனித்தனியே எடை போடலாம்.

டபிள்யூ.என்.டி. ஒரு மலை. முதல் பகுதி 1864-இல் வந்தது, முடிந்தது 1998-இல். 2001-இல் சேர்ந்த இணைப்புகளோடு 43 தொகுதி. 1500 முதல் 1976 வரையான டச்சு அதில் இருக்கிறது. ஒரு சொல் எப்படி அந்தப் பொருளுக்கு வந்தது என்று பார்க்க இதற்கு நிகர் இல்லை. ஆனால் அன்றாட மொழிபெயர்ப்புக்கு ஆபத்தான நண்பன். அதில் கிடைக்கும் மேற்கோள்களில் பெரும்பகுதி பழைய நடை. அங்கிருந்து அப்படியே எடுத்தால் வங்கிச் செயலியின் அறிவிப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரசங்கம்போல ஒலிக்கும். தலைச்சொற்கள் பழைய எழுத்துமுறையில் இருக்கும். விளக்கம் டச்சிலேயே, சுருக்கக் குறியீடுகளோடு, அடர்த்தியாக ஓடும். போனில் படிக்கக் கண் வலிக்கும், மடிக்கணினி வேண்டும். ஒரே எழுத்தில் இரண்டு சொல் இருப்பதையும் கவனிக்க வேண்டும். ‘ட்ரான்’ என்று தேடினால் கண்ணீரும் வரும், திமிங்கிலம், மீன் ஆகியவற்றின் எண்ணெயும் வரும். ஐயம் தீர்க்க இதைத் திறங்கள். சொல் பொறுக்க வேண்டாம்.

ஏ.என்.டபிள்யூ. இந்த வேலைக்கு மூன்றிலும் சிறந்தது. 1970-க்குப் பிந்தைய டச்சை எடுத்துக்கொள்கிறது, எடுத்துக்காட்டுகள் உயிருள்ள மொழி. பொருளிலிருந்து சொல்லுக்குப் போகும் தேடலும் இருக்கிறது. சொல் நாக்கு நுனியில் நிற்கும்போது கைகொடுக்கும். பெல்ஜியத்தில் மட்டும் வழங்குவதை அப்படியே குறித்துக் காட்டுகிறது. இந்தக் குறிப்பு சின்ன விஷயம் இல்லை. அழுவதற்கு நெதர்லாந்தில் ‘ஹய்லன்’ இயல்பு, ‘வேனன்’ என்றால் இலக்கிய வாடை. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸில் ‘வேனன்’ வீட்டுப் பேச்சு. கோபம் தலைக்கேறுவதற்கு ஃபிளாண்டர்ஸில் ‘பிரெஞ்சுக் கோபத்துக்குள் பாய்வது’ என்று ஒரு தொடர் உண்டு. நெதர்லாந்தில் ‘செருப்பிலிருந்து பாய்வது’, அதாவது ‘அய்ட் ஸெய்ன் ஸ்லொஃப் ஸ்ஹீட்டன்’. வேலை தருபவரிடம் எந்த நாட்டு வாசகர் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். குறை என்றால், இந்த அகராதி இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. சில சொற்கள் விரிவாக இருக்கும், சில எலும்புக்கூடாக இருக்கும். முழுக்க டச்சிலேயே இருப்பதால், அடிப்படைப் பாடம் முடித்தவுடன் இதற்குள் இறங்கினால் மூச்சு முட்டும். ஐரோப்பிய மொழித்தேர்ச்சி அளவில் குறைந்தது பி1 என்ற இடைநிலை வேண்டும்.

வோர்ட்கொம்பினாட்ஸீஸ் வினைகளுக்கானது. மொழியை மேல்நிலையில் கற்பவர்களை மனதில் வைத்துக் கட்டியது. ஒரு வினை எந்த வாக்கிய அச்சில் வருகிறது, யார் எழுவாய், எந்த முன்னிடைச்சொல் என்று அச்சு அச்சாகப் பிரித்துக் காட்டுகிறது. ஏ.என்.டபிள்யூ.வில் பெயர்ச்சொல் வழியாக வினையைக் கண்டுபிடித்த பிறகு, அந்த வினையை இங்கே சரிபார்ப்பது நல்ல வரிசை. எல்லா வினையும் இன்னும் ஏறவில்லை.

ஃபான் டாலெயின் இலவசத் தேடல் அடிப்படைப் பொருளுக்குப் போதும். தொடர்கள் வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். மாதத்துக்கு ஒன்றிரண்டு டச்சு வேலை மட்டும் வருபவர்களுக்கு அது தேவையில்லை. முழுநேரமாகச் செய்பவர்கள் ஆங்கிலம்–டச்சுத் தொகுதியை வாங்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் லெய்டன் கருவிகளில் ஆங்கில வாசல் கிடையாது. அதுவே அவற்றின் பெரிய குறை.

எழுத்துக்கூட்டல் பட்டியலை வேலை முடிந்த பிறகு ஒருமுறை திறந்தே ஆக வேண்டும், குறிப்பாகக் கூட்டுச்சொற்களுக்கு. கோப வெடிப்பு ‘வூடெ-அய்ட்பார்ஸ்டிங்’. நடுவில் சிறுகோடு கட்டாயம், இல்லையென்றால் ‘வூடெ’யின் கடைசி உயிரெழுத்தும் அடுத்த சொல்லின் முதல் உயிரெழுத்தும் ஒட்டி வேறு ஒலியாகப் படிக்கப்படும். அதே கோபம் ‘வூடெஆன்ஃபல்’ என்று வரும்போது சிறுகோடு கிடையாது, அந்த இரண்டு உயிரும் சேர்ந்து குழப்பம் தராது. எந்திரமும் ஆட்களும் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்.

டச்சில் மூன்றே எழுத்தில் எழுதும் ‘பய்’ என்ற சொல்லுக்காகவே இந்த அகராதிகளில் ஒரு மாலை செலவிடலாம். திடீரென வந்து பெய்து ஓயும் மழைதான் ‘பய்’. அதே சொல் அழுகையோடு சேர்ந்து ‘ஹய்ல்பய்’, சிரிப்போடு ‘லஹ்பய்’, இருமலோடு ‘ஹூஸ்ட்பய்’, குழந்தை தரையில் உருண்டு அடம்பிடித்தால் ‘ட்ரிஃப்ட்பய்’. ஆங்கிலத்தில் இவற்றில் பலவற்றுக்கு ‘ஃபிட்’ என்ற சொல் வரும், அதில் மழை இல்லை. டச்சு எல்லாவற்றையும் தூறிப் பெய்து விடும் மழையாகப் பார்க்கிறது. வந்தது போய்விடும் என்ற பொருள் அதற்குள்ளேயே இருப்பதால், நாள்கணக்கில் நீடித்த துயரத்துக்கு ‘ஹய்ல்பய்’ போடக் கூடாது.

மழை என்றதும் சென்னைச் செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒரு சொல்: மேகவெடிப்பு. டச்சில் ‘வோல்க்ப்ரேக்’, மேகத்தின் முறிவு. சொல் ஒத்துப்போகிறது, அளவு ஒத்துப்போகவில்லை. இந்திய வானிலைத் துறையின் கணக்கில் ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. பெய்தால்தான் மேகவெடிப்பு. நெதர்லாந்து வானிலை நிறுவனத்துக்கு ஒரு மணி நேரத்தில் 25 மி.மீ., அல்லது 5 நிமிடத்தில் 10 மி.மீ. போதும். நம் மேகவெடிப்பை வெறும் ‘வோல்க்ப்ரேக்’ என்று எழுதினால் அங்குள்ள வாசகர் கால் பங்கு மழையைத்தான் கற்பனை செய்வார். மி.மீ. எண்ணிக்கையைப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் கொட்டிய 49 செ.மீ. போன்றதற்கு இந்தச் சொல்லே தப்பு. அது நாள் முழுக்க நின்று பெய்தது. அங்கே ‘ஸ்டோர்ட்ரேஹன்’ என்ற சொல்லின் பன்மையோடு ‘விடாத’ என்ற பெயரடையைச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு பொறி திரையரங்கில் இருக்கிறது. நாயகன் திரையில் தோன்றியதும் விசில் பறக்கிறது. ஆங்கில மூலத்தில் ‘விசில்கள் வெடித்தன’ என்று இருக்கும். டச்சில் அழகான ஒரே சொல் கிடைக்கும், ‘ஃப்லய்ட்கொன்ஸெர்ட்’, விசில் கச்சேரி. அதை எழுதினால் ரசிகர்கள் நாயகனை வெறுத்து விரட்டினார்கள் என்று ஆகிவிடும். அங்கே அந்தச் சொல் எதிர்ப்புக் கூச்சலைக் குறிக்கிறது. கால்பந்து மைதானத்தில் நடுவருக்குக் கிடைப்பது. சேப்பாக்கத்து விசிலுக்கும் ரோகிணி திரையரங்கு விசிலுக்கும் ‘ஹெயய்ஹ்’ என்ற மகிழ்ச்சி ஆரவாரத்தை முன்னால் வைத்து, ‘லொஸ்பார்ஸ்டன்’ என்ற வினையைப் போட வேண்டும். ஆரவாரம், கைதட்டல், புயல், விமர்சனம் இவற்றுக்கு ‘லொஸ்’. ஆளுக்கும் எரிமலைக்கும் ‘அய்ட்’. போர், தீ, நோய், பீதி இவற்றுக்கு ‘அய்ட்ப்ரேகன்’. இந்த மூன்றையும் எழுவாயைப் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சப்டைட்டில்காரர்களுக்கு இடம் குறைவு. ஒரு வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரி என்பது பரவலான வரம்பு. ‘அவளுக்கு அழுகை வெடித்தது’ என்ற டச்சு வாக்கியம் முற்றுப்புள்ளியோடு 25 எழுத்து பிடிக்கும். ‘ஸெ ஸ்ஹோட் ஃபொல்’ 14-இல் முடிந்துவிடும். சுருக்கமாக இருக்கிறதே என்று எல்லா இடத்திலும் இதைப் போடுகிறார்கள். இதன் பொருள் கண் நிறைந்து தொண்டை அடைப்பது. கண்ணீர் இன்னும் கன்னத்துக்கு வரவில்லை. திரையில் நடிகை விம்மிக்கொண்டிருக்கும்போது இந்த வரி ஓடினால் படமும் எழுத்தும் ஒட்டாது. கண் கலங்கும் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இதைவிட நல்ல டச்சு கிடையாது.

இந்த வேலைக்கு மதிப்பெண் கேட்டால் ஏ.என்.டபிள்யூ.வுக்கு 5-க்கு 4, வோர்ட்கொம்பினாட்ஸீஸுக்கு 3, டபிள்யூ.என்.டி.க்கு அன்றாடப் பயனில் 2, ஐயம் தீர்ப்பதில் 5. மூன்றுக்கும் இணைய இணைப்பு வேண்டும். மழைக்காலத்தில் கையில் அவசர வேலை இருந்தால், தேவைப்படும் பதிவுகளை, குறிப்பாகக் கண்ணீர், சிரிப்பு, கோபம், மழை ஆகிய நான்கையும், முன்கூட்டியே பி.டி.எஃப். ஆக மடிக்கணினியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.